பொன் வற்றிய பின்

கோலார் தங்கவயலுக்கு அண்மையில் பூதிகோட்டை என்றோர் ஊர் உண்டு. ஹைதர் அலி பிறந்த ஊர் என்று வரலாற்றாசிரியர் அதனைக் குறிப்பர். பூதி என்பது சாம்பலுக்கும் திருநீற்றுக்கும் பெயர். சாம்பற்கோட்டைக்கு அயலில் பொன்வயல் அமைந்தது விந்தையே. ஏமாற்றத்தைச் சுமந்துகொண்டே நம்பிக்கையைக் காப்பது எங்ஙனம் என்னும் வினாவுக்கு இவ்வட்டாரத்தின் வரலாறு தரும் விடையைச் சிறிது ஆராய்வோம்.

1880ஆம் ஆண்டில் மைசூர்த் தங்கச் சுரங்கக் கம்பெனி தோன்றியது. ஜான் டெய்லர் நிறுவனத்தார் அதனை நிர்வகித்தனர். சில ஆண்டுகளுக்குள் மூலதனத்தில் பெரும்பகுதி கரைந்தது, பொன்னோ கிட்டவில்லை. கலைத்துவிடலாம் என்றனர் பங்குதாரர் பலர். எஞ்சிய சிறு தொகையைக் கொண்டு, முற்காலத்தார் தோண்டி விட்டுச் சென்ற பழங்குழிகளுக்கும் கீழே இறங்கிப் பார்த்தபோதுதான் 'சாம்பியன் ரீஃப்' என்னும் பொன்தாதுப் படிவு அகப்பட்டது.

விடாமுயற்சிக்குச் சான்றாக இக்கதையைச் சொல்வது வழக்கம். அவ்வாறு சொல்வதற்கு நாம் சற்றுத் தயங்குகிறோம். முயன்றும் பொன் காணாது மூடிய கம்பெனிகளைப் பற்றி எவரும் கதை சொல்வதில்லை அல்லவா? மேலும், டெய்லர் நிறுவனத்தார் முன்பு தோண்டிய இடத்திலேயே தோண்டிக்கொண்டிருக்கவில்லை, இடத்தை மாற்றினர்.

பின்னர் நிகழ்ந்தவற்றை நாடறியும். வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த தமிழ் உழைப்பாளர் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, வெப்பத்திலும் பாறை வெடிப்பின் அச்சத்திலும் உழைத்தனர். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் பொன் வெளிவந்தது. ஆழம் மிக மிகச் செலவு ஏறியது. தாதுவில் பொன்னின் அளவு குறைந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது.

இச்சுரங்கத்தின் ஆழம் அறிவியலாருக்கும் பயன்பட்டது. 1965இல் வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோத் துகள்களின் தடயத்தை அவர்கள் இங்குக் கண்டனர். பிறகு புரோட்டான் சிதைவதைக் காணும் ஆவலுடன் பல ஆண்டுகள் காத்திருந்தனர். சில அடையாளங்கள் கிடைத்தன என்றனர். பிற நாட்டுச் சோதனைகள் அதனை உறுதிசெய்யவில்லை. இன்றளவும் புரோட்டான் சிதைவை எவரும் கண்டாரில்லை. ஆயினும், அதே ஆவலுடன் ஜப்பானில் கமியோகாவில் நிறுவிய கருவி 1987இல் வெடித்த விண்மீன் ஒன்றின் நியூட்ரினோக்களைப் பிடித்தது. தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று.

சுரங்கக் குடியிருப்புகளில் வாழ்வோரின் ஏமாற்றம் இத்தகையதன்று. அவர்களுக்கு அது அடுப்பெரியுமா என்னும் கேள்வி. மீண்டும் திறக்கும் என்ற பேச்சு ஓயவில்லை. வழக்குகள் நடந்தன, 2013இல் உச்ச நீதிமன்றம் உலகளாவிய டெண்டருக்கு வழிவிட்டது, சுரங்கமோ திறக்கவில்லை. ஒவ்வொரு செய்தியும் முதியோர் உள்ளத்தில் ஆசையை எழுப்பி அடங்குகிறது. அந்த ஆசையை எள்ளி நகையாட நமக்கு மனமில்லை. வாழ்நாளெல்லாம் ஒரு தொழிலைச் செய்தவர், அது திரும்பும் என எண்ணுவதில் வியப்பென்ன?

ஆனால் அவர்களுடைய மக்கள் வேறொரு வழி கண்டனர். மாரிகுப்பத்திலிருந்தும் உரிகத்திலிருந்தும் வைகறையில் புறப்படும் ரயிலேறி ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவு திரும்புகின்றனர். வீட்டை விடவில்லை, சுரங்கத்துக்காக நாளை வீணாக்கவுமில்லை. நாளொன்றுக்குப் பல மணி நேரப் பயணம் உடலை வாட்டுவது. இதனைப் புகழ்ந்து பேசுவது எளிது, செய்வது அரிது.

சுரங்கத்தின் கழிவாகக் குவிந்த சயனைடு மண்மேடுகளில் இன்னும் சிறிதளவு பொன் உண்டு. அதனைப் பிரித்தெடுக்கும் திட்டத்துக்கு 2024இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதனால் எத்தனை பேருக்கு வேலை கிட்டும் என்பதே ஊரார் கேட்கும் கேள்வி. விடை வரும்வரையில் பயணச்சீட்டைப் புதுப்பித்துக்கொண்டுதான் இருக்கின்றனர்.