கிற்றாரை மாற்றுவதா, திருத்துவதா?

பழகுவதற்கென வாங்கிய மின்கிற்றாரை "நாதம் போதாது" என்று மூலையில் வைத்துவிட்டுப் புதியது கேட்கும் பிள்ளைகள் பலர். எம் மாணவன் ஒருவனும், தன் தந்தையாரிடம் இதற்காகப் பரிந்து பேசுமாறு அண்மையில் எம்மை நாடினான். வாத்தியத்தைக் கொண்டுவரச் செய்தோம். தந்திகளெல்லாம் துருவேறியிருந்தன; வாங்கிய நாள் முதல் மாற்றவே இல்லையாம்!

புதுத் தந்தி பூட்டி, கழுத்தினுள்ளே ஓடும் இரும்புக் கோலைச் சிறிது திருகி வளைவைச் சீர்செய்தல் வேண்டும். பின்னர், 12ஆம் மெட்டில் அழுத்திய ஒலி, அழுத்தாது மீட்டிய ஒலியின் மேல் ஸ்தாயியோடு பிசகின்றிப் பொருந்தும்வரை குதிரையை முன்பின் நகர்த்தல் வேண்டும். பெருஞ் செலவில்லாத இவ்வேலைகளிலேயே பல குறைகள் மறையும். எஞ்சி நிற்கும் குறைக்குரிய உறுப்பை மட்டும் மாற்றலாம்: சுருதி நில்லாவிடின் முறுக்காணி, ஒலி மங்கினால், காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் கொண்ட 'பிக்கப்'. அதற்கு முன் வேறொரு ஒலிபெருக்கியில் வாசித்துப் பார்ப்பது நன்று. குற்றவாளி அதுவாகவும் இருக்கலாம். கழுத்தே முறுகிப்போயிருந்தால் மட்டும் புதிய வாத்தியத்தை யோசிக்கலாம்.

'குயீன்' இசைக்குழுவின் பிறயன் மே, 1963இல் தந்தையாருடன் கூடித் தமது கிற்றாரைச் செய்யத் தொடங்கினார். கழுத்துக்கு உதவியது பழைய கணப்படுப்பொன்றின் சட்டமரம். தாமே சுற்றிய பிக்கப்புகள், தந்தியை வளைத்திழுக்கையில் கரகரத்தன. அவற்றை மட்டும் அகற்றி, 'பேர்ண்ஸ்' பிக்கப்புகள் மூன்றைப் பொருத்தினார். அந்தக் கிற்றாரே பல தசாப்தங்கள் அவருடன் மேடையேறிற்று.

எம் மாணவனின் கிற்றாருக்குப் புதுத் தந்தி பூட்டியாயிற்று. இப்பொழுது முறுக்காணியின் விலையை விசாரித்துக்கொண்டிருக்கின்றான்.