காரைக்காற் பகுதியில் ஒரு பகற்செலவு: நூற்சான்றும் ஊர்வழக்கும்

1. முன்னுரை

வரலாற்றுச் சிறப்புடைய ஊர்களைக் காணச் செல்வோர்க்கு வழிகாட்டி ஒருவர் உடன்வருதல் இக்கால வழக்கம். காலையிற் புறப்பட்டு மாலையில் மீளும் ஒரு பகற்செலவில் அவர் கோயிலையும் கோட்டையையும் கடற்கரையையும் ஒரே குரலிற் கதையாக்கிச் சொல்லுவர். பல நூற்றாண்டுச் செய்திகள் அங்கே ஒரே காலத்துச் செய்திகள் போலக் கலந்துவிடும். பொழுதுபோக்குக்காகச் செல்வார்க்கு இதனால் இழப்பு மிகுதியும் இல்லை. இலக்கியம் பயில்வார்க்கோ இழப்புப் பெரிது. நூல் சொல்வதும், கல்வெட்டும் ஆவணமும் சொல்வதும், ஊர்வழக்குச் சொல்வதும் வேறுவேறு வகைச் சான்றுகள். அவற்றை வேறுபடுத்தாது எழுதப்படும் ஆராய்ச்சி, கேட்ட கதையையே மூலநூற் செய்தியாக எடுத்தாளும் பிழைக்கு இடந்தரும்.

இவ்வேறுபாட்டைப் பயில்வதற்கு மிகவும் ஏற்ற நிலப்பகுதி காரைக்கால் ஆகும். ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பகுதியின் மூன்று புறமும் தமிழ்நாடு சூழ்ந்துள்ளது, கிழக்கே கடல். தென்னெல்லையாகிய கீழவாஞ்சூரிற் புறப்பட்டுத் திருநள்ளாற்றில் முடியும் ஒரு பகற்செலவில் பதிகம், புராணம், தனிப்பாடல், நாட்குறிப்பு, உடன்படிக்கை ஆகிய அனைத்துக்கும் உரிய இடங்களை வரிசையாகக் காணலாம். அவ்விடங்களை எவ்வாறு காண வேண்டும் என்பதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கீழவாஞ்சூர்

வாஞ்சூர் என்னும் பெயருடைய ஊர்கள் இரண்டு. ஒன்று மேலவாஞ்சூர், மற்றொன்று கீழவாஞ்சூர். கீழ், மேல் என்னும் அடைகள் ஈண்டுக் கிழக்கு, மேற்கு என்னும் திசைகளையே சுட்டுவன. உயர்வு தாழ்வு குறிப்பன அல்ல. கடலை அடுத்திருப்பது கீழவாஞ்சூர். 2009இல் செயற்படத் தொடங்கிய காரைக்கால் துறைமுகம் இவ்வூரிலேதான் அமைந்துள்ளது. நிலக்கரி முதலியவற்றை இறக்கும் இப்புதிய துறைமுகத்தைப் பார்ப்பவர், காரைக்காற் கரையின் கடல்வாணிகம் அண்மையிலே தோன்றியது என்று எண்ணிவிடலாகாது. பழைமை எத்துணை என்பதனை வழியில் உள்ள ஊர்கள் காட்டும்.

இவ்வூர்க்குத் தெற்கே நாகூர் உள்ளது. அது தமிழ்நாட்டு எல்லைக்குட்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாகுல் அமீது ஆண்டகையின் தர்கா அங்குள்ளது. அதன் ஐந்து மினாராக்களுள் மிக உயர்ந்தது 131 அடி. அதனை எழுப்பியவன் 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னன் பிரதாபசிங்கு. உடைந்த கப்பலொன்றின் துளையை ஆண்டகை தொலைவிலிருந்தே கண்ணாடியால் அடைத்துக் காத்தார் என்பது ஊர்வழக்கு. இக்கதையை ஆவணம் கொண்டு மெய்ப்பிக்க இயலாது. ஆயினும், இக்கரையினர் யாவரைத் தம் காவலராகக் கொண்டனர் என்பதற்கு அக்கதையே சான்று. 19ஆம் நூற்றாண்டில் இக்கரையிலிருந்து பிரெஞ்சுத் தீவுகட்குக் கூலிகளாகச் சென்ற தமிழர், மர்த்தினீக்கிலும் ரெயூனியனிலும் நாகூர் மீரானுக்குக் கொடிமரம் நட்டு வழிபட்டனர். அவருள் இந்துக்களும் இருந்தனர். ஊர்வழக்கு வரலாற்றுக்குப் பயன்படுமாற்றை இஃது இனிது விளக்கும்.

3. திருமலைராயன்பட்டினம்

கீழவாஞ்சூரை உள்ளடக்கிய கொம்யூனின் தலைமையூர் திருமலைராயன்பட்டினம். ஊராட்சி அமைப்பைக் குறிக்கும் 'கொம்யூன்' என்னும் சொல்லே பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற சுவடாகும். ஆயின் ஊர்ப்பெயர் அவ்வாட்சிக்கு மிக முற்பட்டது. 15ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிற் சோழநாட்டில் அதிகாரம் செலுத்திய சாளுவத் திருமலைராயனொடு இதனை இயைப்பர் ஆராய்ச்சியாளர்.

இவ்வூர் தமிழ் மாணாக்கர்க்கு நினைவூட்டுவது காளமேகப்புலவரை. அதிமதுரகவியின் அறைகூவலை ஏற்று யமகண்டம் பாடியதும், திருமலைராயன் மதியாமையாற் சினந்து ஊரில் மண்மாரி பொழியப் பாடியதும் பலரும் அறிந்த கதைகள். இவை தனிப்பாடல்களைச் சூழ்ந்து வளர்ந்தவை. 19ஆம் நூற்றாண்டில் வீராசாமி செட்டியார் இயற்றிய விநோதரசமஞ்சரி போன்ற நூல்களால் எங்கும் பரவியவை. பாடல் முந்தியதா, கதை முந்தியதா என்பது ஒவ்வொரு தனிப்பாடற்கும் தனித்தனியே எழுப்ப வேண்டிய வினா. பாடலின் பொருளை விளக்கவே ஒரு நிகழ்ச்சி புனையப்பட்டிருத்தலும் கூடும். மண்மாரியால் அழிந்ததென்று சொல்லப்படும் ஊர் இன்றும் கோயில்களும் தெருக்களுமாக விளங்குகின்றது. வழிகாட்டி கதையைச் சொல்லட்டும். மாணாக்கர் அதனைக் கதையென்றே குறித்துக்கொள்ளல் வேண்டும்.

இவ்வூர்க் கடற்கரையில் நிகழும் மாசிமக விழா மற்றொரு வகைச் சான்று. தமிழ்நாட்டில் உள்ள திருக்கண்ணபுரத்துச் சௌரிராசப்பெருமாள் அந்நாளில் தீர்த்தவாரிக்கு இங்கு எழுந்தருளுவர். பட்டினச்சேரி மீனவர் அவரைத் தம் குலத்து மாப்பிள்ளையாகக் கொண்டு வரவேற்பர். ஆட்சி எல்லைகள் பலமுறை மாறின. இறைவன் உலாவரும் வழி அவ்வெல்லைகளைப் பொருட்படுத்தவில்லை. நிலப்படம் காட்டாத ஓர் ஒருமையை விழா காட்டுகின்றது.

4. அம்மையார் ஊர்

காரைக்கால் நகரிற் பாரதியார் வீதியிலுள்ள காரைக்காலம்மையார் கோயிலை உச்சிப்பொழுதுக்குமுன் அடைதல் நன்று. நடை சாத்தப்பட்டாற் பின்னர் மாலைவரை காத்திருத்தல் வேண்டும். ஆனித் திங்கள் முழுநிலா நாளையொட்டி இங்கு நிகழ்வது மாங்கனித் திருவிழா. பிச்சைத்தேவர் உலாவருகையில் மக்கள் மாடிகளிலிருந்து மாங்கனிகளை வீசுவர். இதனைக் காண்பார்க்கு அம்மையார் என்றவுடன் மாங்கனியே நினைவுக்கு வரும்.

ஆயின் நூல்களைக் காலமுறையில் வைத்து நோக்கின் வேறொரு காட்சி தோன்றும். அம்மையார் அருளியவை அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு ஆகியன. இவை பதினோராந் திருமுறையில் உள்ளன. அவற்றுள் அவர் தம்மைக் 'காரைக்காற்பேய்' என்றே சுட்டுகின்றார். மாங்கனியைப் பற்றிய பேச்சு அங்கில்லை. 8ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் சுந்தரர், தம் திருத்தொண்டத்தொகையில் அவரைப் 'பேயார்' என்னும் ஒரே சொல்லாற் குறித்தார். நம்பியாண்டார் நம்பி, கயிலையைக் காலால் மிதியாது தலையால் நடந்ததையும், இறைவன் அவரை 'அம்மை' என அழைத்ததையும் கூறினார். மாங்கனிச் செய்தி, புனிதவதி என்னும் இயற்பெயர், தந்தை தனதத்தன், கணவன் பரமதத்தன் ஆகிய அனைத்தும் விரிவாக அமைவது 12ஆம் நூற்றாண்டில் தோன்றிய சேக்கிழாரின் பெரியபுராணத்தில்.

எனவே ஓர் அடியாரைப்பற்றிய செய்தி ஒரு சொல்லில் தொடங்கி, ஒரு பாடலாக விரிந்து, பின்னர் ஒரு காப்பியப் பகுதியாக வளர்ந்த முறையை ஈண்டுத் தெளிவாகக் காணலாம். சேக்கிழார் கூறியது புனைந்துரையே என்று இதனாற் கொள்ளவேண்டுவதில்லை. தமக்கு முன்னிருந்த செவிவழிச் செய்தியை அவர் பயன்படுத்தியிருத்தல் கூடும். அவ்வாறு கருதுவதற்கும் மூலங்களை வரிசைப்படுத்தி அறிதல் இன்றியமையாதது.

சேக்கிழார் தரும் வாணிகச் செய்திகளும் கருதத்தக்கன. பரமதத்தன் நாகையில் வாழ்ந்த நிதிபதி என்னும் வணிகனின் மகன். மணத்தின்பின் காரைக்காலிற் கடைவைத்து வாணிகஞ் செய்தான். பின்னர் மரக்கலம் ஏறிக் கடல்கடந்து பொருளீட்டிப் பாண்டிநாட்டுப் பட்டினம் ஒன்றில் தங்கினான். நாகைக்கும் காரைக்காலுக்கும் இடையே மணவுறவும் வாணிக உறவும் இயல்பாக நிகழ்ந்தன என்பது சேக்கிழார் காலத்தார்க்கு ஐயமற்ற செய்தி. அவ்விரு பட்டினங்கட்கும் இடைப்பட்ட கரையிலேதான் வாஞ்சூர் உள்ளது. காலையிற் கண்ட புதிய துறைமுகம் பழைய கடல்வழியின் மீதே எழுந்துள்ளது எனலாம்.

5. பிரெஞ்சு ஆட்சிச் சுவடுகள்

நண்பகலிற் கோயில்கள் அடைக்கப்பட்டிருக்கும் பொழுது நகரத் தெருக்களைக் காண்டற்கு உரியது. நேரான தெருக்களும், தேவதூதர்களின் அன்னை ஆலயமும், அரசலாற்றங்கரையும் பிரெஞ்சுக் காலத்தை நினைவூட்டும். இங்குச் சான்றுகள் ஆவணங்களாக இருத்தலின் ஐயத்துக்கு இடம் குறைவு. தஞ்சை அரியணையை வேண்டிய சாகுஜி, படைத்துணையும் பொருளும் கருதி, 1738இல் காரைக்காலைத் தருவதாகப் புதுச்சேரி ஆளுநர் துய்மாவுக்கு வாக்களித்தான். பின்னர் அவன் தயங்கவே, சந்தாசாகிபின் துணையால் 1739இல் நகரமும் கருக்களாச்சேரிக் கோட்டையும் சில ஊர்களும் பிரெஞ்சுக்காரர் வசமாயின. நாகூரில் உயர்ந்த மினாராவை எழுப்பிய பிரதாபசிங்கே அவர்கட்கு மேலும் ஊர்களை அளித்தவன். 1736 முதல் 1761 வரை எழுதப்பெற்ற ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பில் இப்பகுதியின் நிகழ்ச்சிகளைக் காணலாம். அக்காலத் தமிழ் உரைநடைக்கும் அதுவே சிறந்த சான்று.

அதன்பின் ஆங்கிலேயர் மும்முறை இந்நகரைக் கைப்பற்றினர். 1817இல் அது பிரெஞ்சுக்காரரிடம் மீண்டது. 1898இல் பேரளத்திலிருந்து இங்கு இருப்புப்பாதை வந்தது. 1954 நவம்பர் 1இல் ஆட்சி இந்தியாவுக்கு மாறியது. 1956இல் ஒப்பமிடப்பட்ட உடன்படிக்கை 1962 ஆகசுட்டு 16இல் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகட்குள் அடங்கும் இச்செய்திகளையே நகரின் வரலாறு முழுவதுமாகக் கூறும் வழக்கம் பொருந்தாது. அம்மையார் தம் பாடலில் ஊர்ப்பெயரைப் பதித்தது இதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னர்.

6. தெளிச்சேரியும் தருமபுரமும்

மாலையில் முதற்கண் காண்பது நகரை ஒட்டிய கோயிற்பத்து. இதுவே தேவாரத்தில் திருத்தெளிச்சேரி எனப்படும் தலம். ஊர்ப்பெயர் மாறியமையால் பதிகத்தை ஓதுவார் பலர் அதன் இடத்தை அறியார். திருஞானசம்பந்தர் இத்தலத்தை வணங்கிப் போதிமங்கையை அடைந்தபோது புத்தநந்தி முதலிய பௌத்தர் எதிர்த்தனர் என்பது பெரியபுராணம். வாதத்தின் முடிவு சைவச் சார்பிற் கூறப்பட்டதே. ஆயினும் இவ்வட்டாரத்திற் பௌத்தர் வாழ்ந்தனர் என்னும் நினைவு 12ஆம் நூற்றாண்டிலும் நிலவியது என்பது தெளிவாம். அண்மையிலுள்ள நாகையில் முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய மன்னன் சூடாமணி விகாரம் எழுப்பியதை லைடன் செப்பேடுகள் கூறும். புராணச் செய்தியும் செப்பேட்டுச் செய்தியும் வெவ்வேறு காலத்தைப் பற்றியவை. எனினும் ஒரே நிலப்பகுதியின் சமயநிலையை இரண்டும் ஒளிபெறச் செய்கின்றன.

அடுத்தது தருமபுரம். திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாயார் பிறந்த ஊர் இது. சம்பந்தரின் பாடல்கள் பாணர் யாழில் வாசித்தலாற் பரவுகின்றன என்று உறவினர் கூற, அதனைப் பொறாத பாணர், யாழில் அடங்காத இசையிற் பாடுமாறு சம்பந்தரை வேண்டினார். அவ்வாறு எழுந்ததே யாழ்மூரிப் பதிகம். முதல் திருமுறையின் 136 பதிகங்களுள் இறுதியானது.

ஈண்டு இரண்டு செய்திகளைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். முதலாவது, பாணர் யாழை உடைத்துவிட்டார் என்று வழிகாட்டிகளும் சிலபோது எழுதுவோரும் கூறுவர். சேக்கிழார் கூறுவது அதுவன்று. உடைக்க ஓங்கிய பாணரைச் சம்பந்தர் தடுத்து, யாழைத் தம் கையில் வாங்கினார் என்பதே நூற்செய்தி. இவ்வேறுபாடு சிறிதன்று. மனித மிடற்றின் பெருமையைக் கருவிக்குமேல் நிறுத்திய பின்னும், கருவியை அழியவிடாத அருளே அப்பகுதியின் உயிர். யாழ் உடைந்தது எனக் கொண்டால் காப்பியத்தின் அந்நோக்கம் மறைந்துபோகும். இரண்டாவது, மயிலாடுதுறையை அடுத்த தருமபுரம் ஆதீனம் 16ஆம் நூற்றாண்டில் குருஞானசம்பந்தரால் நிறுவப்பெற்றது. ஊர்ப்பெயரின் ஒப்புமை கண்டு, யாழ்மூரிக்குரிய தலம் அதுவென மயங்குதல் கூடாது.

7. திருநள்ளாறு

செலவின் முடிவிடம் திருநள்ளாறு. சனிப்பெயர்ச்சி நாளிற் பெருந்திரளாக மக்கள் கூடும் தலமாகவே இன்று இது பலர்க்கும் அறிமுகம். நளன் இங்கு வழிபட்டான் என்பது பிற்காலக் கதையன்று. சம்பந்தர் தம் பதிகம் ஒன்றிலேயே அதனைக் குறித்துள்ளார். ஆகவே இங்கு ஊர்வழக்குக்குத் தேவாரமே அரணாகின்றது. ஊர்வழக்கை ஐயுறுவது போலவே, நூற்சான்று இருப்பின் அதனை ஒப்புவதும் ஆராய்ச்சியாளர் கடன்.

ஆயினும் இலக்கிய வரலாற்றில் இத்தலத்தின் பெருமை வேறொன்றாலும் அமைந்துள்ளது. மதுரையில் சமணரொடு நிகழ்ந்த அனல்வாதத்திற் சம்பந்தர் ஏட்டுக்கட்டில் கயிறு சார்த்திப் பார்க்க, வாய்த்தது திருநள்ளாற்றுப் பதிகம். தீயிலிட்ட அவ்வேடு வேவாது பசுமையாக இருந்தமையின் அது பச்சைப்பதிகம் எனப்பட்டது. எழுதப்பட்ட ஏடு ஒரு சமயத்தின் மெய்ம்மைக்குச் சான்றாக நிறுத்தப்பட்ட நிகழ்ச்சி அது. தருப்பாரணியேசுவரர் திருமுன் நின்று அப்பதிகத்தை முழுமையாக ஓதிய பின்னரே மாணாக்கர் மீளுதல் தகும்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் தெளிவாவன மூன்று. காளமேகர் கதையில் ஊர்வழக்கு பாடலைச் சூழ்ந்து வளர்ந்தது. மாங்கனிச் செய்தி நூலில் முழுவடிவு பெற்று விழாவாக மலர்ந்தது. யாழின் கதையில் ஊர்வழக்கு நூலோடு மாறுபட்டது. நளன் செய்தியில் நூலோடு உடன்பட்டது. இவ்வாறு ஒரு பகலுக்குள் ஊர்வழக்குக்கும் நூலுக்கும் உள்ள உறவு பலவாறாகக் காணப்படுதலின், எல்லாவற்றையும் நம்புதலும் எல்லாவற்றையும் விலக்குதலும் ஒருங்கே பிழையாகும் என்பது முதலாவது. பதினெட்டாம் நூற்றாண்டில் வரையப்பட்ட எல்லை, வாணிகத்தாலும் வழிபாட்டாலும் பிணைந்திருந்த ஒரே கரையைப் பிரித்தது. ஆதலின் நாகையையும் நாகூரையும் விடுத்துக் காரைக்காலை மட்டும் ஆராய்தல் நிறைவுறாது என்பது இரண்டாவது. செலவு மேற்கொள்ளும் மாணாக்கர் தம் குறிப்பேட்டை நூற்சான்று, கல்வெட்டும் ஆவணமும், ஊர்வழக்கு என மூன்றாகப் பகுத்துக்கொண்டு, கேட்டதையும் கண்டதையும் அவ்வவ்விடத்தே எழுதுதல் வேண்டும் என்பது மூன்றாவது.

கோயிற் சுவரில் எழுதப்படும் தலவரலாறும் வழிகாட்டியின் கூற்றும் நாளடைவில் நூல்களுள் நுழைந்து, பின்னர் அந்நூல்களே மேற்கோளாகும் நிலை இன்று பெருகி வருகின்றது. மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தைக் காண்பதே அதற்குத் தக்க காப்பு. காரைக்காற் பகுதியில் அதற்கு ஒரு பகற்பொழுது போதும்.