வீடு மாறினால் கடனுக்கும் விலாசம் சொல்லுங்கள்

திருமானூர்ப் பக்கம் வீடு மாறுவது இரண்டு விதம். கூரை வீட்டையோ ஓட்டு வீட்டையோ பிரித்துவிட்டு காங்கிரீட் வீடு கட்டிப் பால் காய்ச்சிக் குடிபோவது ஒன்று. வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, பிழைப்புக்காகத் திருப்பூருக்கோ சென்னைக்கோ குடும்பத்தோடு கிளம்புவது இன்னொன்று. முதலாவதில் சுவரோடு சேர்ந்து கடனும் எழும்புகிறது. இரண்டாவதில், பெரும்பாலும், கடனை அடைக்கத்தான் ஊரே மாறுகிறது. சாமான் எல்லாம் வண்டியில் ஏறிவிடும், ரேஷன் அட்டையைக்கூட மாற்றிவிடுவோம். கடன் கொடுத்த இடத்தில் மட்டும் பழைய விலாசம் அப்படியே கிடக்கும்.

அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்க வேண்டாம். கடன் விஷயத்தில் சட்டம் நமக்குக் கொடுக்கும் அவகாசம் எல்லாம் நோட்டீஸிலிருந்துதான் தொடங்குகிறது. அடகு நகையை ஏலம் விடுவதற்கு முன் உங்களுக்குத் தகவல் தர வேண்டும். வீட்டை ஈடாக வைத்து வங்கியில் கடன் வாங்கித் தவணை தவறினால், சர்ஃபேசி சட்டப்படி நோட்டீஸ் தந்து 60 நாள் காத்திருந்த பிறகே வங்கி சொத்தைக் கையகப்படுத்த முனையலாம். காசோலை திரும்பிய வழக்கில், நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கே இல்லை. இந்த நாள்களெல்லாம் பூட்டிய வீட்டின் கதவிடுக்கில் செருகிய தபாலோடு போய்விடும். வங்கி ஏட்டிலுள்ள விலாசத்துக்கு முறையாக அனுப்பிவிட்டோம் என்று அவர்கள் சொன்னால், நீங்கள் அதை மறுத்து நிற்பது கடினம்.

ஆகவே வீடு மாறிய வாரமே ஒரு வேலை செய்யுங்கள். கடன் எண், பழைய விலாசம், புதிய விலாசம், செல்பேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கடன் உள்ள ஒவ்வொரு இடத்திலும் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் போக முடியாவிட்டால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள். வசூலுக்கு வரும் தம்பியிடம் வாயால் சொல்வது போதாது. அடுத்த மாதம் அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார்.

இப்போது வீட்டுக் கணக்கு. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு அரசு தருவது மூன்றரை லட்சம் ரூபாய். அதில் தொடங்கிய வீடு, ஒரு அறை கூடி, படி கூடி, ஐந்தரை லட்சத்தில் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். துண்டு விழுந்தது இரண்டு லட்சம். வங்கியில் நகை வைத்து 80,000, இரண்டு குழு லோன் 60,000, தெரிந்தவரிடம் நூற்றுக்கு மூன்று வட்டியில் கைமாற்று 60,000.

மூன்று வட்டி என்று சொல்லும்போது காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கிறது. மாதம் 1,800 ரூபாய், ஆண்டுக்கு 21,600. மூன்று ஆண்டில் 64,800 கட்டியிருப்பீர்கள், வாங்கிய அசலைவிட அதிகம். அசல் 60,000 அப்படியே நிற்கும். வாரத் தண்டல் இதைவிட மோசம். பத்தாயிரம் என்று பேசி 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். வாரம் ஆயிரமாகப் பத்து வாரம் கட்ட வேண்டும். ஆண்டுக் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் அந்த வட்டி ஏறக்குறைய 160 சதவீதம்!

யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவருக்கே முதலில் கட்டுவது நம் வழக்கம். அதை மாற்றியே ஆக வேண்டும். எல்லாத் தவணையையும் தவறாமல் கட்டிக்கொண்டு, மிஞ்சும் ஒவ்வொரு ரூபாயையும் வட்டி அதிகமுள்ள கடனின் அசலில் போட வேண்டும். மேலே சொன்ன வீட்டில் இன்னும் ஒரு சங்கிலி மிச்சம் இருந்தால், அதை வங்கியில் பத்து சதவீதம் அளவிலான வட்டிக்கு வைத்து அந்த 60,000 கைமாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஆண்டுக்கு 21,600 போன இடத்தில் 6,000 போகும். மிச்சமாகும் 15,600-ஐ அந்த நகைக்கடனின் அசலிலேயே கட்ட வேண்டும். கட்டாமல் செலவழித்தால், ஒரு கடன் போய் இன்னொரு கடன் வந்தது, அவ்வளவுதான். நகையை விற்பது பலருக்கு மானப் பிரச்சினை. வருடா வருடம் வட்டி கட்டித் திருப்பி வைத்து, கடைசியில் நகை மூழ்கிப்போவதைவிட, இன்றைய விலைக்கு விற்றுக் கடனை முடிப்பது மேல் என்பேன்.

தள்ளுபடி வரும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. 2021-இல் கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனை அரசு தள்ளுபடி செய்தது உண்மை. அதற்கு 2021 மார்ச் 31 என்று ஒரு தேதி இருந்தது, நிபந்தனைகள் இருந்தன, விண்ணப்பித்த பலர் விடுபட்டார்கள். வராத தள்ளுபடிக்காக ஏறும் வட்டியை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

குழு லோனுக்கு வருவோம். நம் ஊர்ப் பெண்களை இப்போது அதிகம் வதைப்பது இதுதான். வங்கியோடு இணைந்த மகளிர் சுயஉதவிக் குழுவும், தனியார் நிதி நிறுவனம் சேர்க்கும் குழுவும் ஒன்றல்ல. பேச்சில் இரண்டையும் "குழு" என்றே சொல்லிவிடுகிறோம். ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஈடில்லாமல் தரும் கடனை நுண்கடன் என்கிறது ரிசர்வ் வங்கி. அதற்கு 2022-இல் வகுத்த விதிகளை ஒவ்வொரு அக்காவும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வருமானம் 20,000 என்றால் தவணை மொத்தம் 10,000-க்குள் இருக்க வேண்டும். தாண்டுமானால் உங்களுக்குப் புதிய கடன் கொடுப்பதே தவறு. விண்ணப்பத்தில் வருமானம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது என்பதைப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அந்த ஒரு வரியைக் கூட்டி எழுதிவிட்டால் இந்தப் பாதுகாப்பே இல்லாமல் போகும். முன்கூட்டியே கடனை முடித்தால் அதற்கென அபராதம் கிடையாது. தவணை தவறினால் அபராதம் தவறிய தொகைக்கு மட்டும்தான், முழுக் கடனுக்கும் அல்ல. வட்டி, கட்டணம், காப்பீடு எல்லாம் எழுதிய கடன் அட்டை உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். காப்பீடு சேர்த்திருந்தால் அந்தச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். காப்பீடு செய்தவர் இறந்துவிட்டால் மீதிக் கடன் அதில் அடைபடும் என்பதே தெரியாமல், துக்க வீட்டில் தவணை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வசூல் நடக்க வேண்டியது இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில். அங்கே தொடர்ந்து இரண்டு முறை நீங்கள் வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ அவர்கள் வரலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. கெட்ட வார்த்தை, மிரட்டல், உறவினரையும் உடன் வேலை செய்பவரையும் தொந்தரவு செய்வது, பெயரை ஊரறிய எழுதிப் போடுவது எதற்கும் அனுமதி இல்லை. "ஆதாரை முடக்கிடுவோம்", "ஜெயில்ல போட்டுடுவோம்" என்பதும் இதில் சேரும். கடன் கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று பொய் சொல்வதே விதிமீறல். கட்ட முடியாமல் போவது குற்றம் ஆகாது, அது சிவில் விவகாரம்.

கடன் நடுவில் இருக்கும்போது ஊர் மாறுகிறவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் தலையில் விழும். அதனால் நீங்கள் பஸ் ஏறிய மறுநாளே "ஓடிட்டாங்க" என்ற பேச்சு கிளம்பிவிடும். கிளம்பும் முன்பே குழுத் தலைவியிடமும் கிளை அலுவலகத்திலும் சொல்லி, வங்கிக் கணக்கு வழியாகக் கட்ட ஏற்பாடு கேளுங்கள். கட்டியதற்கான ரசீதை ஒவ்வொரு முறையும் வாங்குங்கள். கடைசித் தவணை முடிந்ததும் நிலுவை இல்லை என்ற சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் உங்கள் அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். அதில் முடித்த கடன் முடிந்ததாகக் காட்டாவிட்டால் புகார் செய்யுங்கள். 30 நாளில் திருத்தாவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும்.

கந்து வட்டி வேறு ரகம். தினவட்டி, மணிநேர வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடை செய்கிறது 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம். மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. வட்டிக்கு விடுவதையே தொழிலாகச் செய்பவர் தாசில்தாரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். 2025-இல் சட்டப்பேரவை இன்னொரு சட்டமும் நிறைவேற்றியது. கடன் நிறுவனங்களின் கட்டாய வசூலைத் தடுப்பதற்கான சட்டம் அது. செயலி மூலம் தரும் கடனும் அதில் வருகிறது.

சட்டம் இருந்தும் காப்பாற்றப்படாமல் போன குடும்பத்தை நாம் மறக்க முடியாது. 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு தொழிலாளி தன் மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு தீக்குளித்தார். நால்வரும் இறந்தார்கள். கந்து வட்டிக் கொடுமை பற்றி அவர் முன்பே பலமுறை மனுக் கொடுத்திருந்தார். அன்று திங்கட்கிழமை, மக்கள் குறை கேட்கும் நாள்.

மிரட்டலுக்கு வழி திறப்பது நாம் போடும் வெற்றுக் கையெழுத்துதான். தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்துப் போட்டால், நிரப்பிக்கொள்ள அவருக்கு அதிகாரம் கொடுத்ததாகவே சட்டம் பார்க்கும். வெற்றுக் காசோலையும் அப்படித்தான். ஏ.டி.எம். அட்டையையோ ரேஷன் அட்டையையோ யாரிடமும் அடமானமாகக் கொடுக்காதீர்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, புது வீட்டுக் கடனுக்காகப் பழைய மனையை "சும்மா ஒரு பாதுகாப்புக்கு" கிரயம் செய்து கொடுப்பது. பணம் கொடுத்தால் திருப்பி எழுதித் தருவேன் என்ற நிபந்தனை அதே பத்திரத்துக்குள் இல்லாவிட்டால் சட்டம் அதை அடமானமாக ஏற்காது. வாய்ச்சொல்லை நம்பிப் போட்ட கைநாட்டில் போன மனைகள் ஏராளம். ஈடு வைக்கத்தான் வேண்டுமென்றால் அடமானப் பத்திரமாகவே பதிவு செய்யுங்கள். கடன் முடிந்ததும் ரசீதுப் பத்திரம் பதிந்து, வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வங்கி என்றால் முழுதும் கட்டிய 30 நாளுக்குள் அசல் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

வங்கியோ நிதி நிறுவனமோ தவறு செய்தால் முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். மிரட்டல் என்றால் 100. பெண்களுக்கு 181. திங்கட்கிழமை அரியலூர் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். இரவில் தூக்கம் வராமல் தவறான எண்ணம் வந்தால் 104-ஐயோ 14416-ஐயோ அழையுங்கள், பேச ஆள் இருக்கிறார்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். அரியலூரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி வழி என்றால் 15100. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். போகும்போது கடன் அட்டை, ரசீதுகள், விலாசம் மாற்றக் கொடுத்த தாளின் முத்திரையிட்ட நகல் மூன்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள்.