அப்பா பெயரிலேயே ஓடும் டிராக்டர்... 3 மாதக் கெடு தெரியுமா?

குடும்பத் தலைவர் காலமானால், காரியம் முடிந்த கையோடு பட்டா மாறுதல், கூட்டுறவுச் சங்கக் கடன், வங்கிக் கணக்கு என ஒவ்வொன்றாக விசாரிக்கத் தொடங்குவது வழக்கம். அந்தப் பட்டியலில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது வண்டி. உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கம் ஏரிப்பாசன வயல்களில் உழவு ஓட்டும் டிராக்டரானாலும் சரி, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பாவும் ஊடையும் ஏற்றிச் செல்லும் மொபெட்டானாலும் சரி, உரிமையாளர் இறந்த பிறகும் அவர் பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். 'நம்ம வீட்டு வண்டிதானே' என்ற நினைப்புதான் காரணம்.

நிலம் இருந்த இடத்தில் இருக்கும். வண்டி அப்படியல்ல, தினமும் சாலையில் ஓடுகிறது. ஒரு விபத்து நேர்ந்தால், பெயர் மாற்றாததன் விலை அன்றுதான் தெரியும்.

விதி என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் 56-வது விதி இதற்கென்றே உள்ளது. உரிமையாளர் இறந்த 30 நாள்களுக்குள், அவர் இறந்த விவரத்தையும், வண்டியைத் தொடர்ந்து பயன்படுத்தப்போவதையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்தால், இறந்த நாளிலிருந்து 3 மாதம் வரை வாரிசு அந்த வண்டியைப் பயன்படுத்தலாம். அந்த 3 மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

டி.என். 21 என்று தொடங்கும் எண்கள் காஞ்சிபுரம் அலுவலகப் பதிவு. கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

தேவையான ஆவணங்கள்

முதலில் இறப்புச் சான்றிதழ். இறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. அதை வைத்து, இ-சேவை மையம் மூலம் வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். இதற்கு நாளாகும் என்பதால் முதல் மாதத்திலேயே தொடங்கிவிட வேண்டும். இவற்றோடு அசல் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், யார் பெயருக்கு மாறுகிறதோ அவருடைய அடையாள, முகவரிச் சான்றுகள், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். ஆர்.சி. தொலைந்திருந்தால் படிவம் 26-ல் நகல் கேட்கலாம்.

வங்கிக் கடனில் வாங்கிய டிராக்டர் என்றால், கடன் கொடுத்த வங்கியின் ஒப்புதல் தேவை. டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் இருந்தால், அதற்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

ரூ.15 லட்சம் விஷயம்

இன்ஷூரன்ஸ் பாலிசி, உரிமையாளர் இறந்தவுடன் செல்லாமல் போய்விடாது. இறந்த நாளிலிருந்து 3 மாதம் அல்லது பாலிசி முடியும் நாள், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். அதற்குள் வாரிசு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது புதிய பாலிசி எடுக்க வேண்டும்.

வண்டியைத் தானே ஓட்டும் உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு, 2018 முதல் ரூ.15 லட்சம். வண்டிப் பதிவும் பாலிசியும் அவர் பெயரில் இருந்து, செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் இருந்தால்தான் இது கிடைக்கும். அப்பா பெயரில் உள்ள வண்டியை ஓட்டிப்போய் மகன் விபத்தில் இறந்தால், இந்தக் காப்பீட்டில் அவர் குடும்பம் பணம் கேட்க முடியாது.

இதையே மறுபக்கமாகவும் பார்க்க வேண்டும். அப்பாவே தன் வண்டியை ஓட்டிச் சென்றபோது விபத்தில் இறந்திருந்து, பாலிசியில் இந்தக் காப்பீடும் இருந்தால், நாமினி அந்தத் தொகையைக் கேட்கலாம். இது தெரியாமல் பாலிசித் தாளைப் பரணில் போட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. முதலில் அந்தத் தாளை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

இதைச் செய்யவே கூடாது

வாரிசுச் சான்றிதழுக்கு அலைய வேண்டாம் என்று, விற்பனைக்கான படிவம் 29, 30-ல் இறந்தவரே விற்றதுபோல் கையெழுத்துப் போடச் சொல்லும் இடைத்தரகர்கள் உண்டு. அது போலிக் கையெழுத்து, குற்றம். பின்னாளில் அண்ணன், தம்பி, தங்கைக்குள் பாகத் தகராறு வந்தால் முதலில் வெளியே வருவதும் அதுதான். வண்டியை விற்பதாக இருந்தாலும், முதலில் வாரிசு பெயருக்கு மாற்றி, பிறகு விற்பதே முறை.

இப்போதே செய்யலாம்

2021-ல் வந்த விதித் திருத்தப்படி, வண்டி உரிமையாளர் தன் ஆர்.சி.யில் நாமினியைச் சேர்க்கலாம். புதிய வண்டி பதியும்போதும் செய்யலாம். பழைய வண்டிக்கு மத்திய அரசின் பரிவாகன் இணையதளம் மூலமும் செய்யலாம். நாமினிக்கும் அதே 30 நாள், 3 மாதக் கெடு உண்டு; ஆனால், அலைச்சல் குறையும்.

நவரைக்கு உழவு ஓட்ட டிராக்டரை எடுக்கும் முன், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறது, நாமினி பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அந்தப் பெயருக்குரியவர் இப்போது இல்லை என்றால், கெடு தாண்டியிருந்தாலும் இனியும் தள்ளிப்போடாமல் போக்குவரத்து அலுவலகத்தை அணுகுங்கள்.