மூடிய திரைகளைத் திறக்கும் பணி

முன்னுரை

கணிப்பொறித் துறை என்றாலே அது கணிதமும் அறிவியலும் கற்றவர்க்கே உரியது. இலக்கியம் பயின்றவர்க்கு அங்கு இடமில்லை என்னும் எண்ணம் நம் மாணவரிடையே வேரூன்றி நிற்கின்றது. இவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதை ஒரு துறையைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அத்துறை, மாற்றுத்திறனாளிகளும் இணையத்தையும் கைப்பேசிச் செயலிகளையும் தடையின்றிப் பயன்படுத்த வழிசெய்யும் அணுகல்தன்மைத் துறை. இன்டர்ன்ஷிப் எனப்படும் உள்ளகப் பயிற்சி அதற்கு வாயிலாக அமைகின்றது.

திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயம் 'அபஸ' என்னும் பெயருடையது. மக்காவில் குறைஷித் தலைவர்களிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மார்க்கத்தை எடுத்துரைத்துக் கொண்டிருந்த வேளையில், பார்வையற்றவராகிய அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அறிவை நாடி வந்தார். அவ்வேளையில் அவர்பால் முகம் கொடாதது குறித்தே அவ்வத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் அருளப்பெற்றன. பின்னர் அத்தோழர் மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பும், நபிகளார் ஊரில் இல்லாத காலங்களில் மக்களுக்குத் தொழுகை நடத்தும் பொறுப்பும் பெற்றார். அறிவை நாடி வரும் ஒருவரிடமிருந்து முகத்தைத் திருப்பலாகாது என்பது அந்நிகழ்ச்சி தரும் படிப்பினை. இன்று அறிவை நாடுவோர் முதலில் வந்து நிற்கும் இடம் கணிப்பொறித் திரையாகும். அத்திரை அவர்களை எதிர்கொள்கின்றதா, முகம் திருப்புகின்றதா என்பதே நம்முன் உள்ள வினா.

அணுகல்தன்மை என்பது யாது?

பார்வையற்றோர் கணிப்பொறியைப் பயன்படுத்தத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் துணைபுரிகின்றது. திரையில் உள்ள எழுத்துகளை அது குரலாக மாற்றிக் கூறும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006ஆம் ஆண்டு தொடங்கிய 'என்விடிஏ' இவ்வகை மென்பொருள்களுள் விலையின்றிக் கிடைப்பது. தமிழையும் வாசிக்க வல்லது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் 'டாக்பேக்' என்பதும், ஆப்பிள் கருவிகளில் 'வாய்ஸ்ஓவர்' என்பதும் இப்பணியைச் செய்கின்றன.

ஆயினும் கருவி மட்டும் இருந்தால் போதாது. படத்திற்கு விளக்கம் எழுதப்படவில்லையெனில் வாசிப்பான் 'படம்' என்று மட்டும் கூறி நின்றுவிடும். பொத்தானுக்குப் பெயரிடப்படவில்லையெனில் 'பொத்தான், பொத்தான்' என்று ஓதிக்கொண்டிருக்கும். எது கட்டணம் செலுத்துவது, எது நீக்குவது என்று கேட்பவர் எங்ஙனம் அறிவார்?

இக்குறைகளைக் களைய உலகளாவிய இணையக் கூட்டமைப்பு வகுத்த நெறிமுறைகள் உள்ளன. இவற்றின் முதற்பதிப்பு 1999இலும், இரண்டாம் பதிப்பு 2008இலும், 2.1 பதிப்பு 2018இலும், 2.2 பதிப்பு 2023இலும் வெளிவந்தன. இவற்றின் அடிப்படைகள் நான்கு. பக்கத்தில் உள்ளவை ஏதேனும் ஒரு புலனால் உணரத்தக்கனவாக இருத்தல் வேண்டும். சுட்டெலி இன்றியும் இயக்கத்தக்கனவாக இருத்தல் வேண்டும். எளிதில் விளங்கத்தக்கனவாக இருத்தல் வேண்டும். பல்வகைக் கருவிகளிலும் பிறழாது செயல்படுவனவாக இருத்தல் வேண்டும். சான்றாக, சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்னும் விகிதத்தில் அமைதல் வேண்டும் என்பது இடைநிலைத் தரத்தின் விதி. வெளிர்சாம்பல் எழுத்தை வெண்மையின்மீது அச்சிடும் நாகரிகம் முதியோர்க்கு எத்துணை இடர் தருகின்றது என்பதை நம் வீட்டுப் பெரியோர்களைக் கேட்டே அறியலாம்.

அமெரிக்காவின் 'வெப்எய்ம்' நிறுவனம் ஆண்டுதோறும் 10 லட்சம் இணையத் தளங்களின் முகப்புப் பக்கங்களை ஆராய்ந்து வருகின்றது. 2025ஆம் ஆண்டு ஆய்வில் 94.8 விழுக்காட்டுப் பக்கங்களில் குறைகள் காணப்பட்டன. இவ்வளவு பக்கங்களையும் சீர்செய்ய ஆட்கள் வேண்டும் என்பதே இதன் பொருள்.

தமிழ்ப் பக்கங்களின் நிலை

நாம் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தோம். தமிழ்ப் பாடக் குறிப்புகள் அடங்கிய இரு கோப்புகளைத் திரைவாசிப்பானிடம் கொடுத்துச் செவிமடுத்தோம். ஒன்று அச்சுநூலின் பக்கங்களைப் படமெடுத்துத் தொகுத்தது. வாசிப்பான் அதில் ஒரு சொல்லையும் காணவில்லை. மற்றொன்று 'பாமினி' எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. 'தமிழ்' என்று நம் கண்ணுக்குத் தோன்றிய சொல்லை அது 'ஜே, கே, பி, ஓ' என்னும் ஆங்கில எழுத்துகளின் கூட்டமாகவே அறிந்தது. பழைய எழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் பொருத்தப்பட்டிருந்தமையே இதற்குக் காரணம். கண்ணுக்குத் தமிழாகவும் கணிப்பொறிக்குப் பொருளற்ற குறிகளாகவும் அவை விளங்கின. ஒருங்குறி என்னும் யூனிகோடு முறையில் எழுதியவற்றை மட்டுமே வாசிப்பான் தமிழாகக் கூறுகின்றது.

1998இல் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் நம் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து, பின்னர் ஒருங்குறியிலும் வழங்கியதனால், அந்நூல்களைப் பார்வையற்றோர் பிறர் உதவியின்றிக் கேட்டுப் பயில இயல்கின்றது. ஆனால், படமாக மட்டும் ஏற்றப்பட்டுள்ள நூல்கள் அவர்களைப் பொறுத்தவரை பூட்டிய பேழைகளே. தமிழ் வகுப்புகளில் நம்முடன் அமர்ந்து பயிலும் பார்வையற்ற மாணவர், தேர்வுக்கு முந்திய இரவில் குறிப்புகளைப் படித்துக்காட்ட ஒரு நண்பரைத் தேடி அலைவது நாம் அறியாததன்று. அவருடைய தேவை நம் இரக்கமன்று. ஒழுங்காக உருவாக்கப்பட்ட ஒரு கோப்பே.

சட்டமும் வேலைவாய்ப்பும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மின்னணு ஊடகங்களில் வெளியாகும் செய்திகள் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டுமாறு அரசு வகைசெய்ய வேண்டும் என்று அதன் 42ஆம் பிரிவு கூறுகின்றது.

அமிலத் தாக்குதலுக்கு உள்ளானோரும் பார்வையற்றோரும் தொடுத்த வழக்குகளில் உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. வாடிக்கையாளரை அடையாளம் காணும் மின்னணு முறையில், திரையை நோக்கிக் கண் சிமிட்டும்படி கேட்கின்றனர். அமிலத்தால் இமை சிதைந்த ஒருவர் எவ்வாறு கண் சிமிட்டுவார்? மின்வழிச் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்று நீதிமன்றம் உரைத்தது. அவ்வாண்டு ஜூலையில் பங்குச் சந்தை ஒழுங்காற்று வாரியமாகிய செபி, தன் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனங்கள் தம் இணையத் தளங்களையும் செயலிகளையும் அணுகல்தன்மைத் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டுமெனப் பணித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் உள்ளது. அந்நாடுகளுக்கு மென்பொருள் செய்து தரும் இந்திய நிறுவனங்களும் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டியுள்ளது. சட்டம் பிறக்கும்போது பணியிடமும் உடன்பிறக்கின்றது.

பயிற்சிக்கு முன் ஆயத்தம்

உள்ளகப் பயிற்சிக்கு விண்ணப்பிக்குமுன் மாணவர் செய்ய வேண்டிய ஆயத்தங்கள் சில உள.

முதலாவதாக, என்விடிஏ மென்பொருளை நிறுவிக்கொண்டு, திரையை அணைத்துவிட்டு, நாள்தோறும் அரைமணி நேரம் பழகுதல் வேண்டும். முதல் வாரம் எரிச்சலூட்டும். அவ்வெரிச்சலே முதற்பாடம் எனலாம்.

இரண்டாவதாக, இணையப் பக்கத்தைக் கட்டமைக்கும் எச்.டி.எம்.எல். குறிமொழியின் அடிப்படையை அறிதல் வேண்டும். தலைப்பு, பத்தி, பட்டியல், அட்டவணை, படிவம் ஆகியவற்றைக் குறிக்கும் முறையைச் சில வாரங்களில் கற்கலாம். யாப்பிலக்கணம் பயின்ற மாணவர்க்கு இதன் ஒழுங்கு அச்சம் தருவதன்று.

மூன்றாவதாக, உலகளாவிய இணையக் கூட்டமைப்பு உருவாக்கிய அணுகல்தன்மை அடிப்படைப் பாடத்தைக் கட்டணமின்றிப் பயிலலாம். பிற்காலத்தில், அணுகல்தன்மை வல்லுநர்களின் பன்னாட்டுச் சங்கம் நடத்தும் 'சி.பி.ஏ.சி.சி.' தேர்வை எழுதிச் சான்றிதழ் பெறலாம்.

நான்காவதாக, ஐந்து பக்கங்களையேனும் தாமே ஆராய்ந்து அறிக்கை எழுதி வைத்திருத்தல் வேண்டும். நேர்காணலில் மதிப்பெண் பட்டியலைவிட இவ்வறிக்கைகளே மிகுதியும் பேசும். நிறுவனங்கள் பெரும்பாலும் ஆங்கில அறிக்கையையே எதிர்பார்க்கும்; ஆதலின் எளிய, பிழையற்ற ஆங்கிலத்தில் எழுதப் பழகுதலும் இன்றியமையாதது.

பயிற்சியில் செய்யும் பணிகள்

மென்பொருள் நிறுவனங்களின் சோதனைப் பிரிவுகள், அணுகல்தன்மைத் தணிக்கை நிறுவனங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு அமைப்புகள் ஆகியவற்றில் இப்பயிற்சியை நாடலாம். புதிதாகச் சேர்ந்தவர்க்கு முதலில் தரப்படும் வேலை சோதனை. அவர் சுட்டெலியை ஒதுக்கிவிட்டு 'டேப்' விசையால் மட்டும் பக்கம் முழுதும் உலவுவார். தாம் எங்கு நிற்கின்றோம் என்பது திரையில் தெரிகின்றதா என நோக்குவார். எழுத்தை இருமடங்கு பெரிதாக்கி, சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றனவா எனக் காண்பார். காணொளிக்கு எழுத்துரை உண்டா, படிவத்தின் ஒவ்வொரு கட்டத்திற்கும் பெயர் உண்டா எனச் சரிபார்ப்பார்.

அடுத்தது அறிக்கை. 'இப்பக்கம் சரியில்லை' என்றெழுதினால் பயனில்லை. 'விண்ணப்பப் படிவத்தில் பிறந்த நாள் கட்டத்திற்குப் பெயர் இல்லை. திரைவாசிப்பான் திருத்தக் கட்டம் என்று மட்டும் கூறுகின்றது. எதனை நிரப்புவது என்று பார்வையற்றவர் அறிய இயலாது. கட்டத்துடன் பெயரை இணைக்க வேண்டும்' என இடம், குறை, பாதிப்பு, தீர்வு நான்கும் அமைய எழுத வேண்டும். நிரல் எழுதுபவர் திருத்திய பின்னர் மீண்டும் சோதிக்க வேண்டும். தானியங்கிக் கருவிகள் குறைகளில் ஒரு பகுதியையே காட்டும். படத்திற்கு விளக்கம் இருக்கின்றதா என்பதை அவை சொல்லும். அவ்விளக்கம் பொருத்தமானதா என்பதை மனிதரே தீர்மானிக்க வேண்டும்.

தமிழ் மாணவரின் தனிப்பங்கு

இங்குதான் மொழி பயின்றவரின் தேவை புலனாகின்றது. நாகூர் தர்காவின் படம் ஒன்றைக் கருதுவோம். பேருந்து வழித்தடத்தைக் கூறும் பக்கத்தில் 'நாகூர் தர்கா' என்னும் இரு சொற்களே போதும். கட்டடக் கலையை விளக்கும் பாடத்திலோ, ஐந்து மனாராக்கள் இருப்பதையும் அவற்றுள் ஒன்று ஏனையவற்றைவிட உயர்ந்து நிற்பதையும் சொல்ல வேண்டும். இடமறிந்து, அளவறிந்து, வேண்டாத சொல்லின்றி எழுதுதல் என்பது உரையாசிரியர்களிடம் நாம் கற்ற கலையே அன்றோ?

மொழிக் குறிப்பும் அத்தகையதே. பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிமொழியில் அறிவிக்காவிடில், வாசிப்பான் வேற்றுமொழிக் குரலில் அதனைப் படிக்க முயன்று தடுமாறலாம். சீறாப்புராணம் பற்றிய கட்டுரையில் அரபுத் தொடர் ஒன்று அரபு எழுத்திலேயே இடம்பெற்றால், அப்பகுதி அரபு என்று தனியே குறிக்கப்பட வேண்டும். இவற்றைக் கண்டறிய இம்மொழிகளை அறிந்த கண்ணும் செவியும் வேண்டும்.

கருத்திற் கொள்ள வேண்டியவை

ஊதியமில்லாப் பயிற்சிகளும், பயிற்சி என்னும் பெயரில் கட்டணம் வாங்குவனவும் உண்டு. யாது கற்பிப்பர், எவர் வழிகாட்டுவர், எத்துணை மாதம் என்பவற்றைக் கேட்டறிந்த பின்னரே சேர்தல் நலம். மேலும், கண்ணை மூடிக்கொண்டு சோதித்துவிட்டால் பார்வையற்றோரின் அனுபவம் நமக்கு வந்துவிட்டதாகக் கருதலாகாது. மாற்றுத்திறனாளிகளே இத்துறையின் முதல் ஆசிரியர்கள். அவர்களை நோயாளிகளாகவோ, இரங்கத்தக்கவர்களாகவோ நோக்குதல் தவறு. பார்வையற்ற மாணவர்க்கும் இத்துறை உரியது. திரைவாசிப்பானை அன்றாடம் கையாளும் அவருடைய திறமை, மற்றவர் மாதக்கணக்கில் பயின்று பெறும் திறமையாகும்.

முடிவுரை

உள்ளகப் பயிற்சிக்கு நாள் வரட்டும் என்று காத்திராமல், நம் துறையிலேயே இப்பணியைத் தொடங்கலாம். வகுப்புத் தோழர் ஒருவர்க்காக ஒரு பாடக் குறிப்பை ஒருங்குறியில் தட்டச்சு செய்து, தலைப்புகளை முறையாக அமைத்து, திரைவாசிப்பானில் கேட்டுச் சரிபார்த்துக் கொடுப்போம். அதுவே நம் முதல் அறிக்கையாகவும் முதல் தகுதிச் சான்றாகவும் அமையும். தேர்வுக்கு முந்திய இரவில் அவர் எவரையும் தேடி அலையாமல், தம் அறையில் அமர்ந்து தாமே பாடத்தைக் கேட்டுப் பயில்வாராயின், நாம் கற்ற தமிழ் பயனுடையதாயிற்று என்று மகிழலாம். அறிவை நாடி வருவோரிடமிருந்து முகம் திருப்பாத திரைகளை உருவாக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக.