கோழித்தீன் கலன் வாங்கப் போறீங்களா?

விடிய பிரட்டுக்குப் போன தாய் பின்னேரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். தகப்பனும் அப்படித்தான். பெரிய பிள்ளை பாடசாலையில், சின்னது பிள்ளை மடுவத்தில். லயத்துக்குப் பின்னால் கூட்டில் இருக்கும் பத்துக் கோழிக்கு இடையில் தீன் போட ஆள் இல்லை. காலையில் ஒரேயடியாகத் தட்டில் கொட்டிவிட்டுப் போனால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். பாதியைக் கோழி கிளறிச் சேற்றில் தள்ளும். மிச்சத்தைக் காகம் பார்த்துக்கொள்ளும். பின்னேரம் மழை வந்தால் அதுவும் கூழாகிப் போகும்.

இதற்காகத்தான் தீன் தானாகக் கீழே இறங்கும் கலனைப் பலரும் வாங்குகிறார்கள். மேலே வாளி மாதிரி ஒரு பாகம், அடியில் வட்டத் தட்டு. கோழி தின்னத் தின்ன மேலே உள்ளது இறங்கும். இதற்கு மோட்டாரும் வேண்டாம், பெட்டரியும் வேண்டாம். அமெரிக்காவில் டெக்சஸ் பக்கம் மான் வேட்டைக்காரர்கள் காட்டில் ஒரு பெரிய பரலை மூன்று காலில் நிறுத்தி, குறித்த நேரத்துக்குச் சோளத்தை வீசும் மோட்டார் பூட்டி வைப்பார்கள். அதிலேயும் ஈரம் பட்டுச் சோளம் அடைத்துக்கொள்வதும், பெட்டரி இறங்குவதும், காட்டுப்பன்றி வந்து முட்டித் தள்ளுவதும் தீராத தொல்லை. நம்முடைய பத்துக் கோழிக்கு அந்தப் பாடு எதற்கு? பழுதாகிற பாகம் குறைந்த கலன்தான் அதிக நாள் உழைக்கும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். முட்டையிடும் பெரிய கோழி ஒன்று நாளைக்கு 100 முதல் 120 கிராம் வரை தீன் தின்னும். பத்துக் கோழிக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். நாளுக்கு 200 கிராம் சிந்தினாலும் மாதம் ஆறு கிலோ மண்ணோடு போகிறது. அந்த ஆறு கிலோவின் சல்லியை நினைத்துப் பார்த்தால், கொஞ்சம் கூடக் கொடுத்து நல்ல கலன் வாங்குவது நட்டமா லாபமா என்று புரியும்.

கடையில் எதைப் பார்ப்பது? தட்டின் விளிம்பைப் பாருங்கள். உள்பக்கமாக மடிந்திருந்தால் கோழி அலகால் வெளியே இழுத்துப் போட முடியாது. தட்டுக்கு மேலே சீப்புப் பல் மாதிரித் தடுப்பு இருந்தால் இன்னும் நல்லது, கோழி உள்ளே ஏறி நின்று கிளறாது. பிளாஸ்டிக் என்றால் விரலால் அமுக்குங்கள். மெல்லிசாக உள்ளே போனால் வேண்டாம், வெயில் பட்டுப் பட்டு நொறுங்கிவிடும். தகரம் என்றால் பொருத்து ஓரங்களைத் தடவிப் பாருங்கள், துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். தூக்குகிற கைபிடி கம்பியா, வெறும் பிளாஸ்டிக் கொக்கியா? தீன் நிறைந்த பாரத்தை அது தாங்க வேண்டும். மூடி இறுக்கமாக உட்கார வேண்டும். தட்டைத் தனியாகக் கழற்றிக் கழுவ முடியுமா என்றும் கேளுங்கள். கழற்ற முடியாத கலன் எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே புளித்து நாறும்.

கால் வைத்தால் மூடி திறக்கும் தகரப் பெட்டியும் உண்டு. கோழி மிதிபலகையில் ஏறினால் திறக்கும், இறங்கினால் மூடும். மழைக்கும் எலிக்கும் நல்லது. ஆனால் விலை கூட. கோழிக்குப் பழக்க ஒரு வாரமாவது பிடிக்கும். பாரமில்லாத குஞ்சுகளால் அதைத் திறக்க முடியாது, நசுங்கவும் கூடும். குஞ்சு இருக்கிற வீட்டுக்கு அது சரிவராது.

'நாங்களே செய்துகொள்ளக் கூடாதா?' என்பீர்கள். தாராளமாகச் செய்யலாம். மூடியுள்ள வாளியின் அடியில் சுற்றிவர ஓட்டை போட்டு, அகலமான பேசினில் வைத்துப் பூட்டினால் போதும். நாலு அங்குல எஸ்லோன் பைப்பை வளைவு வைத்துச் சுவரில் பொருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். நமது குளிரிலும் பனியிலும் மாத்தீன் ஈரத்தை இழுத்துக் குழாய்க்குள் கட்டியாக நின்றுவிடும். அதனால் ஒடுங்கிய குழாயை விட அகலமான வாளியே மேல். குருணையாக வரும் தீன் அவ்வளவு அடைக்காது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். புல்லுக்கு அடிக்கும் மருந்து வந்த கேன், பூச்சி மருந்து வாளி, பழைய பெயின்ட் டின் எதையும் இதற்கு எடுக்காதீர்கள். எத்தனை தரம் சவுக்காரம் போட்டுக் கழுவினாலும் நஞ்சு முழுவதும் போய்விட்டது என்று நம்ப முடியாது. அது கோழிக்குப் போய், முட்டையில் வந்து, பிள்ளையின் வாய்க்கும் போகலாம். உரச் சாக்கிலும் தீன் கொட்டி வைக்க வேண்டாம். எண்ணெய் வாளி, பிஸ்கட் டின் போன்று சாப்பாட்டுச் சாமான் வந்ததே சரி.

வாங்கிய கலனைத் தரையில் வைக்காமல் கட்டித் தொங்கவிடுங்கள். தட்டின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு இருக்கட்டும். கோழி வளர வளரக் கயிற்றை உயர்த்துங்கள். தட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீன் நிற்காதபடி இடைவெளியைச் சரி பண்ணுங்கள். நிறைந்து நிற்கிற தட்டில்தான் அதிகம் சிந்தும். தண்ணீர்ப் பாத்திரம் பக்கத்திலேயே வேண்டாம், ஈர அலகோடு வந்து தீனை நனைக்கும். நாலு அடி தள்ளி வையுங்கள்.

மழைக் காலத்தில் இரண்டு நாளுக்கு மேல் நிரப்பாதீர்கள். பூஞ்சணம் சும்மா சாதாரண விஷயம் இல்லை. 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம் தேடியபோது தீனில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் பிடித்த பூஞ்சணத்தின் நஞ்சு என்று தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்பது அதன் பெயர். அவித்தாலும் காய வைத்தாலும் அது போகாது. 'கோழிக்குத்தான் ஆகாது, மாட்டுக்குப் போடுவோம்' என்று நினைக்கவும் வேண்டாம். மாட்டின் பாலில் அந்த நஞ்சு வரும். கட்டி பிடித்து, பச்சை பூத்து, மக்கல் வாடை அடிக்கும் தீனைப் புதைத்துவிடுங்கள்.

இனி எலி. எலி பிளாஸ்டிக்கைக் கடித்தே ஓட்டை போடும். அரை அங்குல இடைவெளியே சின்ன எலிக்குத் தாராளம். தீன் தின்ன வரும் எலி லயத்தைச் சுற்றி மூத்திரம் பெய்யும். அது கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் வெறுங்காலோடு, அதுவும் அட்டைக் கடியும் கீறலும் உள்ள காலோடு நடந்தால் எலிக்காய்ச்சல் பிடிக்கலாம். 2008ல் இலங்கையில் 7000க்கும் அதிகமானோருக்கு எலிக்காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்டது. இரத்தினபுரி, கேகாலை, களுத்துறைப் பக்கத்துத் தோட்டத்தார் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை கடுமையாக நோகுது, கண் சிவக்குது என்றால் பனடோலோடு வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சேற்றில் வேலை செய்ததையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

எலிக்கு விலை உயர்ந்த கலனை விடச் சுலபமான வழி ஒன்று உண்டு. இருட்டினால் கோழி தின்னாது, அடைந்துவிடும். இரவில் கலனில் இருக்கும் தீன் எலிக்கு மட்டும்தான். ஆகவே கோழி அடைந்ததும் கலனைக் கழற்றி, மூடியுள்ள தகர டின்னுக்குள் தீனைக் கொட்டிவிட்டு, கீழே சிந்தியதைக் கூட்டி அள்ளுங்கள். சாக்கைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள். வாரத்துக்கு ஒரு தரம், வெயில் எரிக்கிற நாளாகப் பார்த்து, கலனைக் கழுவிக் கவிழ்த்துக் காயப் போடுங்கள். உள்பக்கம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் திரும்பவும் தீன் கொட்ட வேண்டும்.