வஜிராபாத்தோடு நின்றுவிடும் யமுனைப் பயணம்

புதுதில்லி: தோளில் சுமந்து சென்று கரையிலேயே காற்றடைத்துக்கொள்ளும் துடுப்புப் படகுக்கு முழங்கால் அளவு நீரே போதும். தில்லியில் அதற்கு ஏற்ற இடம், யமுனை தலைநகருக்குள் நுழையும் பல்லா கிராமத்திலிருந்து வஜிராபாத் தடுப்பணை வரைதான். வயல்களும் நாணலும் சூழ்ந்த பகுதி. குளிர்காலத்தில் வலசைப் பறவைகளையும் காணலாம்.

தடுப்பணைக்குக் கீழே நஜஃப்கர் கால்வாய் கலக்கிறது. கோடையில் அணையைத் தாண்டி நன்னீர் வருவதே அரிது. எனவே, ஓக்லா வரையிலான 22 கி.மீ. தொலைவுக்கு ஓடுவது பெரும்பாலும் சாக்கடைதான். 1,376 கி.மீ. நீள ஆற்றில் இது 2 சதவீதம்கூட இல்லை. ஆயினும் யமுனையின் மாசில் முக்கால் பங்கு இங்குதான் சேர்கிறது. காளிந்தி குஞ்ச் அருகே மிதக்கும் வெண்ணுரையைப் பனி என்று எண்ணிவிடக் கூடாது.

இதே யமுனையைத்தான் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 110-ஆவது தேசிய நீர்வழியாக அறிவித்தது. நீருக்கு வழி? 1994-இல் ஐந்து மாநிலங்கள் செய்துகொண்ட பங்கீட்டு ஒப்பந்தத்தில், ஓக்லாவுக்குக் கீழே ஆற்றுக்கென வினாடிக்கு 10 கன மீட்டர் வரை விட இடமுண்டு. ஆனால், மேலே அணைகள் கட்டப்படும் அளவுக்கு ஏற்பத்தான் அந்த நீர் கிடைக்கும். ரேணுகா, லக்வார் அணைகள் இன்னும் முடிக்கப்படவில்லை.